ஊருக்கெல்லாம் கணக்குக் கேட்பவரிடம் ரசீது இல்லாமல் கொடுத்த 47,500 ரூபாய்

நேற்று முன்தினம் இரவுதான் விஷயம் உறுதியாகத் தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பட்டா மாற்றத்துக்கு 8,000 ரூபாய் லஞ்சம் தர மாட்டேன் என்று வீராப்பாக வந்த நான், லஞ்சத்தை எதிர்த்து மேடை போட்டுப் பேசுகிற ஒருவரிடம் 47,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கியிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. மதுரை நகருக்குள், ஒரு மாடி அறையில், ஊழல் எதிர்ப்பு என்றும் மக்கள் உரிமை என்றும் பலகை மாட்டிக்கொண்டு, பணம் வாங்கிச் சட்ட உதவி செய்வதாகச் சொல்லும் இடம். இவ்வளவு போதும்.

என் ஊர் திருமங்கலம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் 31 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அப்பா காலமான பின் ஐந்து சென்ட் வீட்டுமனையின் பட்டாவை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் இருந்தும் மனு தள்ளுபடியானது. காரணம் கேட்டு அலைந்தபோது, அலுவலக வாசலில் நின்ற தரகர் ஒருவர்தான் அந்த 8,000 ரூபாயைச் சொன்னார். அன்றைக்கே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போயிருந்தால், ரசாயனம் தடவிய நோட்டோடு அவர்களே கூட வந்திருப்பார்கள். நாளைக்கும் அதே வாசலை மிதிக்க வேண்டுமே என்ற பயத்தில் போகவில்லை. அந்தப் பயம்தான் என்னை மாடி அறைக்கு அனுப்பியது.

அவரை முதலில் பார்த்தது ஒரு தெருமுனைக் கூட்டத்தில். 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் (ஆர்டிஐ) வருகின்றன என்று சொல்லியும் அவை ‘நாங்கள் அரசு அமைப்பு அல்ல’ என்று நழுவுவதையும், கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும் ஒரு துண்டுச் சீட்டும் கையில் இல்லாமல் பேசினார். ‘கண்ணகி நீதி கேட்ட ஊரில் கணக்குக் கேட்க ஆள் இல்லையா?’ என்று அவர் முடித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்ன சட்டங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஏமாற்றுகிறவன் பொய்யாகப் பேசுவான் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான், அதனால்தான் விழுந்தேன்.

மாடி அறையில் அவருடைய மேசைக்குப் பின்னால் ‘லஞ்சம் தவிர், நெஞ்சம் நிமிர்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம் என்று பொறுமையாக விளக்கினார். ‘நீங்க கொடுக்காம வந்தீங்க பாருங்க, அதுதாண்ணே ஆம்பளத்தனம்’ என்றார். தை மாதம் உறுப்பினர் நன்கொடை என்று 5,000, மாசியில் ஐந்து தகவல் உரிமை மனுக்களுக்கு மனு ஒன்றுக்கு 3,500 வீதம் 17,500, பங்குனியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட 25,000. ஆக 47,500. ஒவ்வொரு முறையும் பணத்தை எண்ணாமல் மேசை இழுப்பறைக்குள் போட்டார். அவர் எண்ணாததை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை பணம் கொடுத்தபோது ரசீது கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, ‘பாருங்கப்பா, திருமங்கலத்துக்காரர் நம்மகிட்ட ரசீது கேட்கிறார்’ என்றார். அறையே சிரித்தது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரோடு ‘ஃபார்முலா’ என்ற சொல் ஒட்டிக்கொண்டதும், ஓட்டுக்குப் பணம் என்றாலே நாடு முழுவதும் எங்களைச் சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கும் ஓர் உறை வந்தது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் எனக்குத் தெரியுமே. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன். கடையில் ஐம்பது ரூபாய் உள்பாவாடைக்குக்கூட பில் போடாமல் சரக்கை வெளியே விடாதவன், 47,500 ரூபாய்க்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்கவில்லை.

சித்திரை பிறந்ததும் போன் எடுப்பது நின்றது. உதவியாளப் பையன்தான் பேசுவான்: ‘அண்ணன் கூட்டத்துல இருக்காரு.’ மே மாதம் கேட்டால் நீதிமன்ற விடுமுறை, ஜூனில் கேட்டால் நீதிபதி மாறிவிட்டார், ஜூலையில் கேட்டால் அரசுத் தரப்பு அவகாசம் கேட்டிருக்கிறது. நேரில் போனால் டீ வரும், ஆள் வர மாட்டார். வற்புறுத்தியதும் ஒரு ரிட் மனு எண்ணையும், மனுக்களின் நகல் என்று சில ஜெராக்ஸ் தாள்களையும் கொடுத்தனுப்பினார்கள்.

எதிர்வீட்டுப் பெண் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள்தான் நேற்று முன்தினம் இரவு அந்த எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டுப் பார்த்து, ‘பெரியப்பா, இது யாரோ ஒருத்தரோட பென்ஷன் கேஸ்’ என்றாள். என் பெயரில் தேடினால் எந்த வழக்கும் இல்லை. பிறகு ஜெராக்ஸ் தாள்களை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். சர்வே எண் இருந்த இடத்தில் வெள்ளை மை தடவிய திட்டு நகலிலேயே தெரிந்தது. கையெழுத்துக்குக் கீழே என் பெயர், அதன் ஓரத்தில் அழியாமல் நின்ற வேறொருவருடைய இனிஷியல். ஐந்து தாளிலும் ஒட்டியிருந்தது ஒரே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. கிழிந்த மூலைகூட ஐந்திலும் ஒன்றுபோல் இருந்தது. தகவல் உரிமை மனுவுக்கு அரசு வாங்கும் கட்டணமே அந்தப் பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்று அவளே சொன்னாள். ஐந்து மனுவுக்கு ஐம்பது ரூபாய். நான் கொடுத்தது 17,500.

நேற்றுக் காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாடி அறைக்குப் போனேன். அதிசயமாக இருந்தார். என் பணத்துக்குக் கணக்குக் கொடுங்கள் என்றேன். ‘அண்ணே, நீங்க கொடுத்தது நன்கொடை. நன்கொடைக்குக் கணக்குக் கேட்கிறது நாகரிகமா?’ என்றார். விடாமல் கேட்டேன். அப்போது அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தருகிறேன்: ‘நாங்க தனியார் அமைப்பு. ஆர்டிஐ எங்களுக்குப் பொருந்தாது.’ மாநகராட்சி டீச் செலவுக்கு எத்தனை ரூபாய் போட்டது என்று மனுப் போட்டு வாங்கி, அதை மைக்கில் வாசித்துக் கைதட்டு வாங்கியவர் இவர். கட்சிக்காரர்கள் சொன்னால் அயோக்கியத்தனம் என்று இவர் கத்திய அதே பதில்தான் இது. கிளம்பும்போது உதவியாளன் பின்னாலேயே வந்து, ‘லஞ்சம் கேட்டவனுக்கு நீங்க ஆள் வேலை பார்க்கிறதா அண்ணன் நினைக்கிறாரு, பார்த்து நடந்துக்கங்க’ என்று மெல்லச் சொன்னான்.

வீட்டில் ஒரே வாக்கியம்தான்: ‘ஏங்க, எட்டாயிரத்தோட போயிருக்கும்.’ அது தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

மற்றவர்களுக்கு உதவும்படி விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன், மனம் ஓடவில்லை. லஞ்சம் கேட்டால் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், நடுவில் யாரும் வேண்டாம். தகவல் உரிமை மனுவை வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். வழக்குப் போட்டதாகச் சொன்னால் எண்ணை வாங்கி அன்றே சரிபாருங்கள், நான்கு மாதம் கழித்து அல்ல. ரசீது கேட்டால் சிரிக்கிற இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். 47,500 ரூபாய் என்பது எனக்கு இரண்டரை மாதச் சம்பளம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உதவியாளப் பையனிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது, பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்பியிருப்பான் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஊழல் எதிர்ப்புக் கருத்தரங்கம், உறுப்பினர்கள் பந்தல் செலவுக்குத் தலைக்கு 500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம்.