மாலத்தீவுக்கு இரண்டு முன்பதிவுகள்: பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய பயணச் சேவைகள் பற்றி

லண்டனில் வசிக்கும் நாங்கள், 2021ஆம் ஆண்டில் எட்டு மாத இடைவெளியில், மாலத்தீவுக்கு இருமுறை முன்பதிவு செய்தோம். முதல்முறை விலை ஒப்பீட்டுத் தளம் காட்டிய ஓர் இணைய முகவரிடம் விமானச் சீட்டை வாங்கி, விடுதியைத் தனியாகப் பதிவு செய்தோம். இரண்டாம்முறை எங்கள் பகுதியில் உள்ள சிறிய பயண அலுவலகம் ஒன்றில், விமானம், தீவுக்குச் செல்லும் கடல் விமானம், விடுதி மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்கினோம். முதல் சேவையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதை, அதற்குக் கூடுதலாக 380 பவுண்டு கொடுத்தும், மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன்.

2021 பிப்ரவரி 22 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் ஊரடங்குத் தளர்வுத் திட்டத்தை அறிவித்தபோது, வெளிநாட்டு விடுமுறைப் பயணம் மே 17க்கு முன் கிடையாது என்பது தெளிவானது. ஆகஸ்ட் மாதம் பாதுகாப்பானது என்று கணக்கிட்டு, அந்த வாரமே நான்கு பேருக்கு 2,640 பவுண்டு செலுத்தினேன். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிச் செல்லும் சீட்டு அது. ஆளுக்கு 39 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால் 'நெகிழ்வுச் சீட்டு' கிடைக்கும் என்று முகவரின் பக்கம் சொன்னது, அதையும் வாங்கினேன். அந்த நெகிழ்வு என்பது ஒரே ஒருமுறை தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை மட்டுமே என்பதையும், புதிய தேதியில் கட்டணம் உயர்ந்திருந்தால் வித்தியாசத்தை நாமே கட்ட வேண்டும் என்பதையும், பணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் நிபந்தனைகளின் அடியில்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இதுபோன்ற சீட்டுகளை வாங்கிய பலரும் இந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினார்கள் என்பதால், இதை முதல் குறையாக எழுதுகிறேன்.

மே மாதம் 12ஆம் தேதி அதிகாலை 4 மணி முதல் மாலத்தீவு இங்கிலாந்தின் சிவப்புப் பட்டியலில், அதாவது தொற்று அபாயம் அதிகம் என்று கருதப்பட்ட நாடுகளின் பட்டியலில், சேர்ந்தது. விமானம் மாற வேண்டிய நாடும் அப்போது அதே பட்டியலில்தான் இருந்தது. அங்கே விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் காத்திருந்தாலும் சிவப்பு நாட்டில் இருந்ததாகவே கணக்கு. திரும்பி வருபவர்கள் அரசு ஒதுக்கும் விடுதியில் 11 இரவுகள் தனித்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெரியவருக்கு 1,750 பவுண்டு, அதே அறையில் இரண்டாம் பெரியவருக்கு 650, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரையிலான பிள்ளைக்கு 325 என்று கட்டணம் இருந்தது. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு 3,050 பவுண்டு. ஆகஸ்ட் 12 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 2,285, 1,430 என உயர்ந்தபின், எங்கள் தொகை 4,365 ஆனது. நான்கு சீட்டுகளின் விலையைவிட, வீடு திரும்பும் வழியில் அடைபட்டிருக்கும் செலவு அதிகம்.

இந்த நிலையிலும் விமானம் ரத்தாகவில்லை, பறந்துகொண்டிருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால், ஏழு நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் சொல்கிறது. விமானம் பறக்கும்போது நாம் போகாமல் இருந்தால், அந்த உரிமை இல்லை. சட்டப்படி பயணமே செய்ய முடியாதவர்களுக்குக்கூடப் பணம் தர மறுத்தது சரியா என்று போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2021 ஜூனில் இரண்டு பெரிய விமான நிறுவனங்கள்மீது விசாரணை தொடங்கி, சட்டம் போதிய தெளிவுடன் இல்லை என்று அக்டோபரில் அதை முடித்துக்கொண்டது. ஆணையத்துக்கே தெளிவில்லாத இடத்தில் தனிப்பட்ட பயணி என்ன வாதாட முடியும்?

ஜூலை இறுதியில் விமான நிறுவனம் நேரத்தை மாற்றியது. நண்பகலில் தலைநகர் மாலே சேர வேண்டிய விமானம், புதிய அட்டவணைப்படி இரவில் சேரும். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகலுக்குமேல் இறங்குபவர்கள் மாலேயில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலைதான் தீவுக்குப் போக முடியும். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கியிருந்ததால், அந்த இரவுக்கான செலவும் விடுதியில் வீணாகும் ஒரு நாள் வாடகையும் எங்கள் தலையில்தான் விழும். ஆனால் இந்த மாற்றமே எங்களுக்கு உதவியது: இவ்வளவு பெரிய நேர மாற்றத்துக்கு முழுப் பணமும் தருவோம் என்று விமான நிறுவனம் தொலைபேசியில் சொன்னது. பணத்தை முகவர் வழியாகத்தான் பெற வேண்டும் என்றும் சொன்னது. முகவரோ, விமான நிறுவனத்திடமிருந்து ஒப்புதல் வரவில்லை என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார். முதலில் வவுச்சர் தருவதாகச் சொன்னார்கள், பிறகு சேவைக் கட்டணம் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள். பணம் வந்து சேர 14 வாரங்கள் ஆயின. நெகிழ்வுக்காகக் கொடுத்த 156 பவுண்டு திரும்பவே இல்லை.

இங்கே கடன் அட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை அட்டையில் வாங்கினால், விற்றவரின் தவறுக்கு வங்கியும் பொறுப்பு. ஆனால் நடுவில் முகவர் ஒருவர் பணத்தை வாங்கும்போது, விமான நிறுவனத்துக்கும் நமக்கும் இடையிலான அந்தச் சட்டத் தொடர்பு அறுந்துபோகக்கூடும். என் வங்கி அதைக் காரணம் காட்டியே கோரிக்கையை நிராகரித்தது. நேரடியாக விமான நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், குறைந்தபட்சம் யாரிடம் கேட்பது என்ற குழப்பமாவது இருந்திருக்காது. பறக்காத சீட்டுக்கு விமானப் பயணிகள் வரியைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் பலர் அறிவதில்லை. அந்த ஆண்டு நெடுந்தூரச் சாதாரண வகுப்புக்கு அது பெரியவருக்கு 82 பவுண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது.

செப்டம்பர் 22 அன்று மாலத்தீவு சிவப்புப் பட்டியலிலிருந்து நீங்கியது. அக்டோபரில், 2022 பிப்ரவரி பள்ளி விடுமுறைக்காக இரண்டாம் முன்பதிவைச் செய்தோம். அந்தப் பயண அலுவலகத்தில் இருந்த பெண்மணி, பணம் வாங்கும் முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போக முடியாமல் போனால் உங்களுக்கு எது முக்கியம், பணமா தேதியா?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் வாங்கலாம். தொகுப்புப் பயணத்துக்கான 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏற்பாட்டாளர் ரத்து செய்தால் 14 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பதையும், நிறுவனமே மூழ்கினாலும் அட்டால் (ATOL) என்ற விமானப் பயணப் பாதுகாப்புச் சான்றிதழ் நம் பணத்தைக் காக்கும் என்பதையும் விளக்கி, சான்றிதழை அங்கேயே கையில் கொடுத்தார். சிவப்புப் பட்டியல் வேறு, வெளியுறவு அலுவலகத்தின் பயண அறிவுரை வேறு, காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் என்ற புதிய கொரோனா வகை வந்தது. திரும்பி வருபவர்களுக்கு நவம்பர் 30 முதல் இரண்டாம் நாள் பிசிஆர் பரிசோதனை, டிசம்பர் 7 முதல் புறப்படும் முன்பே ஒரு பரிசோதனை என விதிகள் ஒரே வாரத்தில் இருமுறை மாறின. இரண்டு முறையும் நான் கேட்பதற்கு முன்பே அவர் தொலைபேசியில் அழைத்தார். ஜனவரி 10 வரை கட்டணமின்றித் தேதி மாற்றலாம் என்று எழுத்தில் அனுப்பினார். நாங்கள் மாற்றவில்லை. பிப்ரவரி 11 முதல் தடுப்பூசி போட்டவர்கள் இங்கிலாந்து திரும்பப் பரிசோதனையே வேண்டாம் என்றானது, மறுநாள் புறப்பட்டோம். மாலத்தீவுக்குள் நுழைய, புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் சான்று மட்டும் நால்வருக்கும் தேவைப்பட்டது. பத்தரை மணி நேர நேரடி விமானம் காலையில் இறங்க, ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப்பின் கடல் விமானம் கிளம்பியது.

இந்தச் சேவையிலும் ஒரு குறை உண்டு. அவர் பரிந்துரைத்த பரிசோதனைக் கூடம் விலை அதிகம். தேடியிருந்தால் நால்வருக்கும் சேர்த்து அறுபது பவுண்டாவது மிச்சமாகியிருக்கும். பிசிஆர் பரிசோதனையை மட்டும் நானே தேடிப் பதிவு செய்திருக்க வேண்டும். விமானத்தையும் விடுதியையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.