ஒரு மணி நேரத்தில் வெளுக்கும் என்று நம்பிப் பதினான்காயிரம் ரூபாய் இழந்த கதை

மருந்தால் பல்லில் கறை ஏறியவர்கள், ‘ஒரே அமர்வில் வெண்மை’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான்கு வயதில் ஓயாத காய்ச்சலுக்காக எனக்கு டெட்ராசைக்ளின் சிரப் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வயதுக்குள் தரக்கூடாத மருந்து என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விளைவு, முன்பற்களில் ஈறை ஒட்டிச் சாம்பல் நிறப் பட்டை.

சென்ற ஆண்டு நான் போன தனியார் பல் மருத்துவமனையில் கறைக்குக் காரணம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. பல்லில் ஜெல் தடவி, நீல விளக்கைக் காட்டி, ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடியே உட்கார வைத்தார்கள். முடிந்ததும் நிற அட்டையைப் பல்லருகே பிடித்து, “ஆறு ஷேடு ஏறிவிட்டது சார், பாருங்கள்” என்றார்கள். கண்ணாடியில் உண்மையிலேயே வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஜெல் கசிந்து ஈறின் ஓரம் சுண்ணாம்பு பட்டதுபோல் வெந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அன்றிரவு வெறும் தண்ணீர் குடித்தாலும் பல் சுரீரென்று கூசியது.

ஐந்தாம் நாள் பழைய நிறமே ஏறக்குறைய திரும்பிவிட்டது. கேட்டதற்கு, நான் காபி குடித்திருப்பேன் என்றும், இன்னொரு அமர்வுக்கு எட்டாயிரம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

பிறகு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் பார்த்த மருத்துவர், முதல் கேள்வியாகவே சிறுவயதில் என்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டார். காபிக் கறை பல்லின் மேற்பரப்பில் படிவது; டெட்ராசைக்ளினோ பல் உருவாகும்போதே கால்சியத்தோடு பிணைந்து, எனாமல் என்ற கடினமான வெளிப்பூச்சுக்கு அடியிலுள்ள டென்டின் என்ற உள் அடுக்கில் தங்கிவிடுகிறது. வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து தற்காலிகமாக வெளுத்துத் தெரியும், ஈரம் ஏறியதும் அந்த வெளுப்பு போய்விடும் என்று அவர் விளக்கியபோதுதான், அந்த நிற அட்டையை அவசரமாக நீட்டியதன் சூட்சுமம் எனக்குப் புரிந்தது.

பல் அளவெடுத்துச் செய்த ட்ரேயில் பல்லை வெளுக்கச் செய்யும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, இரவுதோறும் மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல், அணிய வேண்டுமாம். ஈறோரச் சாம்பல் நிறம்தான் கடைசிவரை அடம்பிடிக்கும், அது மறையாவிட்டால் வெனீர் எனப்படும் மெல்லிய மேலோட்டைப் பல்லின் முன்புறம் ஒட்டலாம் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இது எனக்கு ஐந்தாம் மாதம். பல் நுனிகள் தெளிந்துவிட்டன. பட்டை மங்கியிருக்கிறதே தவிர மறையவில்லை.

பழைய இடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமென்று ரசீதைத் தேடி எடுத்தேன். அதில் ‘பல் சுத்தம் செய்தல்’ என்று மட்டுமே எழுதியிருந்தது.