நிறம் மாறும் ஓட்டச் சட்டை: சென்னையில் ஒன்பது மாதம்

சித்திரை மாத நண்பகல் ஒன்றில் கூரியர்காரர் கொடுத்துச் சென்ற பொதியைப் பிரித்தபோது, தவறான நிறத்தை அனுப்பிவிட்டார்கள் என்றே முதலில் எண்ணினேன். நான் கேட்டிருந்தது கருநீலம். உறைக்குள் இருந்ததோ வெளிறிய சாம்பல். திருப்பி அனுப்புவதற்காகப் படம் எடுக்கலாம் என்று, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையின் கட்டிலில் அதை விரித்துவிட்டு, ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், சட்டை ஓரங்களிலிருந்து உள்நோக்கி நீலமாகிக்கொண்டிருந்தது. வண்டியின் வெப்பத்தில் வெளுத்திருந்த நிறம் குளிர்ந்த அறையில் திரும்பி வருகிறது என்று புரிந்ததும் ஏற்பட்ட மகிழ்ச்சியில், இந்தச் சட்டையைப் பற்றிய முதல் எச்சரிக்கையும் அதுவே என்பதை அப்போது கவனிக்கத் தவறினேன்.

விலை 3,499 ரூபாய். வாரத்தில் நான்கு நாள், காலை ஆறு மணிக்கு முன்பாக, எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓடுபவன் என்ற முறையில் இதை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய இதே பொருளை இதே சொற்களால் விற்பவர்கள் பலர் இருப்பதால், ஒருவரைச் சுட்டுவதில் பயனும் இல்லை. விளம்பரம் இரண்டு உறுதிகளைத் தருகிறது. உள்பக்கத்தில் பூசப்பட்டுள்ள பொருள் உடலின் வெப்பத்தை உறிஞ்சியும் தேவையானபோது திருப்பித் தந்தும் உடலைச் சீராக வைத்திருக்கும் என்பது ஒன்று. வெளிப்பக்கத்துச் சாயம் வெப்பத்துக்கேற்ப நிறம் மாறி, எந்தப் பகுதி சூடாகிறது என்பதைக் காட்டும் என்பது மற்றொன்று. உள்பக்கத்துப் பூச்சு வேலை செய்வது 28 டிகிரி செல்சியஸில், சாயம் நிறம் மாறுவது 31 டிகிரியில் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பல நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை என்பதால், இந்த நேர்மைக்கு ஒரு பாராட்டு உரியது.

இரண்டு உறுதிகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும், அடியில் இருப்பது ஒரே வித்தைதான்: கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் அடைத்த மெழுகு உருகுவதும் உறைவதும். மார்கழி விடியற்காலையில் குளியலறை மாடத்தில் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்து உருக்கியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. எண்ணெய் உருகி முடியும்வரை அது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் சூடு அதிகம் ஏறாது. உறையும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். ஆடைகளில் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகப் பாரஃபின் வகை மெழுகுகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் பெயர்பெற்றது ஆக்டாடெக்கேன். அது 28 டிகிரியில் உருகும், உருகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 240 ஜூல் வெப்பத்தை விழுங்கும். நிறம் மாறும் சாயத்தில், தனியாக இருந்தால் நிறமற்றதாகிய லியூக்கோ சாயம், அதற்கு நிறம் ஏற்றும் மென்மையான அமிலம், மெழுகு போன்ற ஒரு கரைப்பான் ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. கரைப்பான் உறைந்திருக்கும்வரை சாயமும் அமிலமும் கைகோத்து நீலமாக நிற்கும். அது உருகியதும் இரண்டும் பிரிந்து நிறம் மறைந்துவிடும்.

'விண்வெளித் தொழில்நுட்பம்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது வெறும் அலங்காரம் அல்ல. 1980களில் நாசாவின் நிதியுதவியோடு அமெரிக்காவின் டிரையாங்கிள் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் நிறுவனம் விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக ஆராய்ந்த வழி இது; பின்னர் கொலராடோவின் அவுட்லாஸ்ட் நிறுவனம் இதைச் சாதாரண ஆடைகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் விண்வெளி வீரரின் கை ஒரு கணம் கடும் வெயிலிலும் மறுகணம் கடுங்குளிரான நிழலிலும் இருக்கக்கூடியது. உருகுவதற்கும் உறைவதற்கும் அங்கே இடைவிடாத வாய்ப்பு உண்டு. சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையிலேயே 28 டிகிரி இருக்கும். கொடியில் தொங்கும்போதே இந்தச் சட்டையின் மெழுகு உருகி முடிந்துவிடுகிறது. நாள் முழுவதும் அது உறைவதே இல்லை. சித்திரையில் தேங்காய் எண்ணெய் உறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நான் சட்டையை அணியும் நேரத்தில் அதனால் வாங்கிக்கொள்ளக்கூடிய வெப்பத்தை எல்லாம் அது வாங்கி முடித்திருந்தது.

மெழுகு உறைந்த நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்று அறிய, சட்டையை ஒரு பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்து அணிந்து ஓடினேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். தோலில் பட்டதும் ஏற்பட்ட குளுமை உண்மையானது, இதமானது; எங்கள் தெரு முடிந்து பிரதான சாலையில் திரும்பியபோது அது போய்விட்டிருந்தது. ஏன் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டால் வியப்பு அடங்கிவிடும். என் சட்டையின் எடை 160 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மெழுகு என்று வைத்துக்கொண்டால் 16 கிராம். அது முழுவதும் உருக விழுங்கும் வெப்பம் 3,840 ஜூல். 65 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோகலோரியைச் செலவிடுகிறார். அதில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்று கொண்டால், நொடிக்கு 560 ஜூலுக்கு மேல் வருகிறது. ஆக, சட்டையின் கொள்ளளவு முழுவதும் உடலின் ஏழு நொடி வெப்பத்துக்குச் சமம். அதே 3,840 ஜூலை வெளியேற்ற, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலான வியர்வை ஆவியானாலே போதும். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர் வரை வியர்க்கும் ஊரில், எதை நம்பி ஆடை வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. வியர்வை பரவி விரைவில் ஆவியாவதற்குத் துணி இடம் கொடுக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் இந்தச் சட்டை மிகவும் பின்தங்குகிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தபோது சட்டையைப் புரட்டி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது நூலில் இல்லை, மேலே அடித்த பிரிண்ட்தான்" என்றார். பிறகு ஒரு துளி தண்ணீரை விட்டுக் காட்டினார். கடைகளில் 'டிரை ஃபிட்' என்று சொல்லி 400 ரூபாய்க்கு விற்கும் சாதாரண பாலியஸ்டர் மெஷ் துணியில் துளி விழுந்த கணமே பரவி மறைந்தது. இந்தச் சட்டையின் பூச்சின்மேல் அது முத்துப்போல நின்று, சில நொடிகள் யோசித்த பிறகே உள்ளே இறங்கியது. நுண்ணுறைகளைத் துணியோடு பிணைக்க ஒரு பிசின் தேவை. அந்தப் பிசின் துணியின் கண்களை அடைத்து, காற்று புகுவதையும் வியர்வை பரவுவதையும் குறைக்கிறது. இழை நூற்கும்போதே மெழுகு உறைகளை உள்ளே சேர்க்கும் முறையும் உண்டு. அது கூடுதல் செலவு பிடிக்கும், ஆனால் துணியின் இயல்பைக் கெடுக்காது. உடலைக் குளிர்விப்பதற்காகச் சேர்த்த ஒரு பொருளே, உடல் தானாகக் குளிர்ந்துகொள்ளும் வழியை மறிக்கிறது என்பதுதான் இந்தச் சட்டையின்மீது எனக்குள்ள பெரிய குறை. ஆறாவது கிலோமீட்டருக்குப் பிறகு முதுகில் அது ஈரத்தாள்போல ஒட்டிக்கொள்வதை எத்தனை முறை அணிந்தும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தையலைப் பற்றி ஒரு வார்த்தை: தடிப்பு இல்லாமல் தட்டையாக இணைக்கும் பிளாட்லாக் தையல், அக்குளில் உராய்வு இல்லை, ஒன்பது மாதத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

நிறம் மாறுவதைக் குறித்து நான் நினைத்ததற்கு மாறாக நடந்தது. கோடையில் அது எதையும் சொல்லவில்லை. அணிந்த இரண்டு நிமிடத்தில் சட்டை முழுவதும் சாம்பலாகி, கழற்றி ஏ.சி. அறையில் போடும்வரை அப்படியே இருந்தது. எல்லா இடமும் சூடு என்று சொல்வதற்கு ஒரு சாயம் தேவையில்லை. மார்கழியில் நிலைமை வேறு. விடியற்காலை 22 டிகிரியில், நனைந்த சட்டையோடு பெசன்ட் நகர் கடற்கரையில் காற்றை எதிர்கொண்டு நின்றபோது, கைப்பகுதியிலும் வயிற்றிலும் நீலம் மெல்லப் படர்ந்து வந்தது; முதுகு சாம்பலாகவே இருந்தது. உடலை விட்டுத் தளர்ந்து நிற்கும் துணியில் வியர்வை ஆவியாகிக் குளிர்விக்கும் இடங்களே அந்த நீலம். உடற்சூட்டைக் காட்டும் என்று விற்கப்பட்ட சாயம் உண்மையில் காட்டியது ஆவியாதலின் வரைபடத்தை. அதைக் கண்ணால் பார்த்தது எனக்கு ஒரு பாடநூல் பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பவர் தன் முதுகைப் பார்க்க முடியாது. பின்னால் ஓடி வருபவருக்கே அந்த அறிவு கிடைக்கிறது. அக்குள் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிவதும் பின்னால் வருபவருக்கு வேண்டாத இன்னொரு தகவல்.

சட்டை தன் மதிப்பைக் காட்டிய இடம் உதகை. தை மாதத்தில், பத்து டிகிரிக்கும் கீழான காலையில், மேலே ஒரு விண்ட்சீட்டர் அணிந்து ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுச் சாலையில் ஓடிவிட்டு, ஒரு தேநீர்க் கடையில் நின்று விண்ட்சீட்டரின் ஜிப்பைத் திறந்தேன். சாதாரணச் சட்டையாக இருந்தால், வியர்த்த உடலில் குளிர் காற்று பட்டதும் ஒரு நிமிடத்துக்குள் நடுக்கம் தொடங்கிவிடும். முந்தைய நாள் அப்படித்தான் ஆயிற்று. இந்தச் சட்டையில் அது இரண்டு, மூன்று நிமிடம் தள்ளிப்போனது. ஓட்டத்தின்போது உருகிய மெழுகு, குளிர் பட்டதும் உறைந்து, வாங்கியதைத் திருப்பித் தந்தது. ஓய்வில் இருக்கும் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தையே உண்டாக்கும் என்பதால், ஓட்டக்காரருக்கு ஏழு நொடிக்குச் சமமான அதே 3,840 ஜூல், நின்றுகொண்டிருப்பவருக்கு நாற்பது நொடிக்கு நெருங்கிய உதவியாகிறது. நின்று நின்று செய்யும் பயிற்சிகளுக்கும், மலையேற்றத்துக்கும், சூடான அறையிலிருந்து குளிருக்குள் போய்வருபவர்களுக்கும் இந்தத் துணி பொருந்தும் என்பதை அந்தத் தேநீர்க் கடையில் ஏற்றுக்கொண்டேன். சென்னையிலும், 22 டிகிரியில் ஏ.சி. ஓடும் ஜிம்மில், இடையிடையே ஓய்வெடுத்து எடை தூக்கும்போது ஓரளவு இதமாக இருந்தது. ஆனால் அங்கே எந்தச் சட்டைதான் இதமாக இராது?

நீடித்து உழைக்குமா என்பதே இனி எஞ்சிய கேள்வி. மெழுகைவிடச் சாயத்துக்கே அது கடுமையானது. லியூக்கோ சாயங்கள் சூரியனின் புற ஊதாக் கதிர்களுக்கு எளிதில் பலியாகக்கூடியவை. வெயிலில் அணிவதற்கான ஆடையில் வெயிலைத் தாங்காத சாயத்தைப் பூசுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை. நாற்பது முறைக்குமேல் துவைத்துவிட்டேன்; எல்லா முறையும் குளிர்ந்த நீரில், கையால், நிழலில் உலர்த்தியே. இருந்தும் தோள்பட்டைகளில் நீலம் பாதிக்குமேல் போய்விட்டது. வெயில் படாத அக்குளுக்குக் கீழே மட்டும் புதிது போல இருக்கிறது. இது புதிய கதையும் அல்ல. 1991இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஜெனெரா நிறுவனம் 'ஹைப்பர்கலர்' என்ற பெயரில் கை வைத்த இடம் நிறம் மாறும் டி-ஷர்ட்டுகளை வெளியிட்டு, அந்த ஆண்டின் பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கே மாதங்களில் 5 கோடி டாலருக்கு விற்றது. சூடான நீரில் துவைத்தவர்களின் சட்டைகளோ மந்தமான ஒரே நிறத்தில் நிலைத்து நின்றுவிட்டன. அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் பராமரிப்புச் சீட்டில் அதே எச்சரிக்கைகள் இருக்கின்றன: சூடான நீர் கூடாது, இஸ்திரி கூடாது, பிளீச் கூடாது.

வெப்பத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக வெளியேற வழிவிடும் துணிகளைப் பற்றிய ஆராய்ச்சியே நம் கடலோரப் புழுக்கத்துக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 2019இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர், கார்பன் நுண்குழாய் பூசிய இழைகள் உடல் வெப்பமும் ஈரமும் கூடும்போது ஒன்றோடொன்று நெருங்கி, அகச்சிவப்புக் கதிர்வீச்சு வெளியேறும் அளவை 35 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுவதைக் காட்டினார்கள். அதில் உருகித் தீர்ந்துபோவதற்கு எதுவும் இல்லை. அப்படி ஒரு சட்டையைக் கடையில் நான் இன்னும் பார்க்கவில்லை. வந்தால் முதலில் தண்ணீர்த் துளி விட்டுப் பார்த்துவிட்டே வாங்குவேன்.

இப்போது ஓடுவதற்கு அந்த 400 ரூபாய் மெஷ் சட்டைக்கே திரும்பிவிட்டேன். நிறம் மாறும் சட்டை உதகைப் பயணப் பையின் அடியில் இருக்கிறது. மலையூர்களில் இருப்பவர்கள், அல்லது குளிரான ஊருக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் வாங்குவதானால், சாயம் இல்லாமல் மெழுகுப் பூச்சு மட்டும் உள்ள வகையைக் கேளுங்கள். என்னிடம் விற்ற நிறுவனத்திலேயே அது 900 ரூபாய் குறைவு. பூச்சினால் துணி அதிகம் நெகிழ்வதில்லை என்பதால், வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரியதாக எடுப்பது நல்லது.