கழன்ற ஹேங்கர் கொக்கிக்குக் கை ரிவிட் கன்: வாங்கலாமா?

சுவரில் மாட்டும் இரும்பு ஹேங்கரில் கொக்கி பிய்ந்து வந்தால் பலரும் எபாக்சிப் பசையைத் தேடுகிறார்கள். அது நிற்காது. பையின் எடை கொக்கியைக் கீழே இழுப்பதோடு, அதன் மேல்முனையை, சுவரில் திருகியிருக்கும் இரும்புப் பட்டையிலிருந்து உரித்தும் எடுக்கிறது. அந்த உரிப்பில்தான் பசை தோற்கிறது, கொக்கியைப் பட்டையோடு பிடித்திருந்த ஸ்பாட் வெல்டிங் (புள்ளிப் பற்றவைப்பு) விட்டதும் பெரும்பாலும் அதனால்தான். இந்த வேலைக்கு ஏற்றது பிளையர் மாதிரியான கை ரிவிட் கன். ரிவிட் என்பது நடுவில் கம்பி உள்ள சிறு குழல் ஆணி; அதைத் துளையில் நுழைத்தால், கன்னின் தாடை அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்து அறுக்கும், ஆணியின் மறுமுனை புடைத்து இரண்டு தகடுகளையும் கவ்விக்கொள்ளும். சில நூறு ரூபாய்தான். 2.4, 3.2, 4, 4.8 மி.மீ. ரிவிட்டுகளுக்கான மூக்குகள் (கம்பி நுழையும் முனைகள்) நான்கும் கூடவே வரும்.

வாங்கும் முன் கொக்கியைப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல், உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. அதை மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் பட்டறையிலும் உருகி வழிந்துவிடும். பட்டையோடு படியும் தட்டையான காது (தகட்டுப் பகுதி) இல்லாத கம்பிக் கொக்கிக்கும் ரிவிட் பயன்படாது.

காதும் பட்டையும் தலா 1.5 மி.மீ. என்றால் மொத்தம் 3 மி.மீ.; அதற்கு 4×8 ரிவிட் (4 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம்), 4.1 மி.மீ. துளை. துளை மையத்திலிருந்து காதின் ஓரம்வரை 8 மி.மீ. இருக்க வேண்டும். காது குறுகலாக இருந்தால் 3.2 ரிவிட்டும் 3.3 துளையும் போதும். ஒரு கொக்கிக்கு இரண்டு ரிவிட், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒன்றே ஒன்று அடித்தால் கொக்கி சுழலும். மேல் ரிவிட்தான் உரிப்பைத் தாங்குகிறது, அதை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள்.

பட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, துளை போடும் இடத்தில் சென்டர் பஞ்ச் (சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) தட்டி, 3 மி.மீ. பிட்டில் தொடங்குங்கள். மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். காதில் இரண்டு துளையும் போட்டுவிட்டு, பட்டையில் மேல் துளையை மட்டும் போட்டு ரிவிட் அடியுங்கள். கொக்கியை நேராக்கிய பிறகு காதின் கீழ்த் துளை வழியாகவே பட்டையைத் துளைத்தால் இரண்டும் பிசகாது. பிசிறை வழித்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் தொட்டுவிடுங்கள். விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ரிவிட்டைச் சுவர்ப் பக்கத்திலிருந்து நுழைப்பதே என் பரிந்துரை. தட்டையான தலை பின்னால் போய்விடும், பட்டை சுவரோடு படியும். புடைப்பு முன்பக்கம் தெரியும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. அழகுதான் முக்கியம் என்றால் முன்னாலிருந்து அடித்து, சுவர் ஸ்க்ரூக்களில் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே வாஷர் கொடுத்துப் பட்டையைப் புடைப்பின் உயரத்துக்குத் தள்ளி மாட்டுங்கள்.

நடுக்கம்பி அறுந்தும் ரிவிட் சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். 4 மி.மீ. பிட்டால் தலையைச் சீவி எடுத்து, துளையை 4.9 ஆக்கி 4.8 ரிவிட் போடலாம், ஓரத்தில் இடம் இருந்தால். தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் மூக்கைத் தலையோடு அழுத்திப் பிடிக்காததே காரணம்.

கருவியின் குறை 4.8 மி.மீ. இரும்பு ரிவிட்டில் தெரியும்: கை வலிக்கும், தாடை வழுக்கும். ஸ்டெயின்லெஸ் ரிவிட்டுக்கு இது போதாது, நீளக் கைப்பிடி இரண்டு உள்ள பெரிய கன் வேண்டும். குளியலறை ஸ்டெயின்லெஸ் ஹேங்கருக்கு அலுமினிய ரிவிட் போடாதீர்கள், ஈரத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப் போகும்.

தாடை வழுக்கத் தொடங்கினால் முன்கூட்டைத் திருகிக் கழற்றி, பற்களில் அடைந்த தூளை பிரஷால் தட்டி, துளி எண்ணெய் விட்டால் மறுபடி பிடிக்கும்.