பில்லில் புது ஏர் ஃபில்டர், பெட்டிக்குள் எங்க மாமா கையெழுத்து

வேலூர், காட்பாடி பக்கம் காரை சர்வீஸுக்கு விடுறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடைப் பேரைச் சொல்லப் போறதில்லை. புகார் கொடுத்திருக்கேன், அது முடியட்டும். இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

எங்களது 8 வருஷப் பெட்ரோல் கார். வீடு சத்துவாச்சாரி. வேலை விஷயமா வாரத்துக்கு மூணு நாள் அணைக்கட்டு தாண்டி ஒடுகத்தூர் வரைக்கும் போய் வரணும். முன்னாடி ஒரு ஜல்லி லாரி மாட்டினாப் போதும், கண்ணாடியில தண்ணி அடிச்சு வைப்பரைப் போட்டாத்தான் ரோடு தெரியும். அதனால ஜூன் மாசம் 62,400 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு விட்டப்போ, எஞ்சினுக்குப் போற காற்றை வடிகட்டுற ஏர் ஃபில்டரை மாத்திடுங்கன்னு நானேதான் சொன்னேன். அவங்க என் தலையில் கட்டலை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் பில் 7,850 ரூபாய். அதில் ஏர் ஃபில்டர் 480, ஏசி ஃபில்டர் 520, 'ஏர் இன்டேக் கிளீனிங்'னு ஒரு 650. பின்சீட்டில் புது ஃபில்டரோட காலி அட்டைப்பெட்டி வேற. எவ்வளவு நேர்மையா வேலை பார்க்கிறாங்கன்னு வீட்டில் பெருமையா சொன்னேன். நான் பாட்டுக்கு உள்ளே ஏசியில் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வந்தவன்!

அடுத்த வாரம் குடும்பத்தோட ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் புலவர், வள்ளல் பேர். மகள் பலகையைச் சத்தமா வாசிச்சுட்டே வந்தா. எனக்கு அதில் மனசே இல்லை. வழக்கமா செகண்ட் கியரில் ஏறுற வண்டி இந்தத் தடவை முக்கிச்சு. ஏசியை அணைச்சு, ஃபர்ஸ்ட் கியருக்கு இறங்கி, ஒருவழியா மேலே போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வரும்போது மாதனூரில் திரும்பி, குடியாத்தத்தில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போனேன். மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். காஸ் சிலிண்டர் மாத்தினாக்கூட காலண்டரில் தேதி எழுதி வைக்கிற ஆள். பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியோட கிளிப்பை விடுவிச்சார். நாலில் ஒரு கிளிப் மாட்டாமலே தொங்கிட்டு இருந்தது. ஃபில்டரை எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, மாத்திட்டான்னு சொன்ன? என் எழுத்து இதுலயே கீது."

ரப்பர் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில், 'மார்ச் 12 – 41,200'. போன தடவை அவர் மாத்தினப்போ எழுதினது. 21,000 கிலோமீட்டர் தூசியோட அதே பழைய ஃபில்டர்.

மாத்தாம விட்டிருந்தாக்கூட 480 ரூபாயோட போயிருக்கும். அதைக் கம்ப்ரஸரில் காற்றடிச்சிருக்காங்க, அதுவும் அழுக்குப் பக்கத்தில் இருந்து, முழு வேகத்தில். காற்றடிக்கணும்னா சுத்தமான பக்கத்தில் இருந்து வெளியே தள்ளுற மாதிரி மெதுவா அடிக்கணும். இல்லைன்னா தூசி ஃபில்டரோட மடிப்புக் காகிதத்துக்குள்ளேயே இறங்கி அடைச்சுக்கும், காகிதமும் கிழியும். மாமா செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடிச்சார். முக்கால்வாசி மடிப்பில் வெளிச்சமே வரலை. ஒரே ஒரு மடிப்பில் மட்டும் பளிச்சுன்னு ஒரு கோடு. கிழிசல். எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ளே விரலை விட்டுத் தடவினா, செம்மண் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டுச்சு. 650 ரூபாய்க்கு கிளீன் பண்ணின இடம் அது.

மறுநாள் ஃபில்டரோட போய் நின்னேன். அங்கே இருந்த பையன் எழுத்தைப் பார்த்துட்டுச் சொன்னான்: "சார், அது கம்பெனி மார்க்கு."

"கம்பெனியிலேயே தமிழ்ல மார்ச்னு எழுதி அனுப்புறாங்களா தம்பி?"

அப்புறம் மேனேஜர் வந்தார், டீ வந்தது, 'ஆள் புதுசு, மாறிப் போச்சு' வந்தது. 480 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாங்க. லேபரும் அந்த 650-ம் 'செஞ்ச வேலைக்கு சார்' என்றார். பின்சீட்டில் இருந்த காலிப் பெட்டி யார் காரோடதுன்னு கேட்டேன். பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிஞ்சிருக்கேன். ஏசி ஃபில்டரையும் பிறகு கிளவ் பாக்ஸைக் கழட்டிப் பார்த்தேன். அது மட்டும் நிஜமாவே புதுசு. எப்படின்னு இன்னும் புரியலை.

சர்வீஸுக்கு விடும்போதே 'பழைய ஃபில்டர் எனக்கு வேணும்'னு ஜாப் கார்டில், அதாவது அவங்க வேலையைக் குறிச்சுக்கிற சீட்டில், எழுத வைங்க. வாயால் சொன்னா மறந்துடுவாங்க. விடுறதுக்கு முன்னாடி ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுடுங்க. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அந்தப் பெட்டியைத் திறக்க கிளிப்தான், சிலதில் ஸ்க்ரூ. ரெண்டு நிமிஷ வேலை. மூடும்போது ரப்பர் ஓரம் சுத்திலும் சரியா உட்கார்ந்திருக்கணும், எல்லா கிளிப்பும் மாட்டியிருக்கணும். இல்லைன்னா ஃபில்டரைச் சுத்திக்கிட்டே தூசி உள்ளே போயிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. லேசாப் பழுப்பா இருக்கிற ஃபில்டரைக் காட்டி 'மைலேஜ் போயிடும் சார்'னு பயமுறுத்துவாங்க. கார்புரேட்டர் வச்ச பழைய வண்டிகள் காலத்தில் அது உண்மை. இப்போ எவ்வளவு காற்று வருதோ அதுக்கேத்த பெட்ரோலை வண்டியே அளந்து விடுது. ஃபில்டர் அடைச்சா முதலில் அடிவாங்குறது பிக்கப்தான். காட்டுறது உங்க வண்டி ஃபில்டர்தானான்னு முதலில் பாருங்க.

புது ஃபில்டரை நானே கடையில் வாங்கி மாட்டிட்டேன். ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் இந்தத் தடவை மகள் எழுதினா, ஸ்கெட்ச் பேனாவில், பக்கத்தில் ஒரு பூவோட.