பூனைக்கு இன்சுலின்: டோஸை எந்த எண்ணைப் பார்த்து மாற்றுவது?

பூனைக்கு இன்சுலின் ஊசி போடப் பழகுவதற்கு இரண்டு நாள் போதும். விலாப்பக்கம் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியை விட்டு எடுத்தால் முடிந்தது. பல பூனைகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. கஷ்டம் அப்புறம்தான் வருகிறது. 1 யூனிட்டே தொடரலாமா, 1.5 ஆக்கலாமா? வீட்டில் டோஸை மாற்றுபவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார்கள். எந்த வழியானாலும் எல்லைகளை எழுதித் தர வேண்டியவர் கால்நடை மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்ய இந்த அலசல் உதவலாம். சர்க்கரை அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

ஊசிக்கு முன் பார்த்து, அதற்கேற்பப் போடுவது

காலையில் 380 காட்டினால் கொஞ்சம் கூட்டு, 220 என்றால் கொஞ்சம் குறை. குழம்பைச் சுவைத்து உப்புப் போடுவது போல, கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மூன்றில் மோசமானது இதுதான்.

ஊசிக்கு முந்தைய எண், போன டோஸின் வேகம் அடங்கிய பிறகு நிலவரம் என்ன என்பதை மட்டும் சொல்கிறது. அந்த டோஸ் அதிகமா குறைவா என்பதைச் சொல்வது இரண்டு ஊசிகளுக்கு நடுவே சர்க்கரை தொடும் மிகக் குறைந்த அளவு. அதைத் தாழ்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூனைக்குக் காலையில் 380, ஆறு மணி நேரம் கழித்து 75. இன்னொன்றுக்குக் காலையில் 300, தாழ்புள்ளி 240. காலை எண்ணை மட்டும் பார்ப்பவர் முதல் பூனைக்கு டோஸை ஏற்றுவார். அன்று மதியமே சர்க்கரை மிகவும் தாழ்ந்து அது தள்ளாடி விழலாம். உண்மையில் ஏற்ற வேண்டியது இரண்டாவதற்கு. முதல் பூனைக்குக் குறைக்க வேண்டியிருக்கலாம், அல்லது அந்த இன்சுலின் அதன் உடம்பில் 12 மணி நேரம் தாங்கவில்லை.

கிளார்ஜின் என்ற இன்சுலினைப் போடுகிறீர்கள் என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். அது தோலுக்கடியில் படிந்து மெதுவாகக் கரையும் மருந்து. டோஸை மாற்றினால் முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும். வேளைக்கு வேளை மாற்றினால், எந்த எண் எந்த டோஸால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசிக்கு முந்தைய எண்ணுக்கு ஒரே ஒரு வேலை உண்டு: இந்த வேளை போடலாமா கூடாதா என்று சொல்வது. வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தாலோ பூனை சாப்பிடாவிட்டாலோ முழு டோஸைப் போடாமல், முதலில் மருத்துவருக்கு போன் போடுங்கள்.

மெதுவாக ஏற்றுவது

வழக்கமாக வேளைக்கு 1 யூனிட், மிஞ்சினால் 2, நாளைக்கு இரண்டு வேளை என்று தொடங்குவார்கள். ஒன்று இரண்டு வாரம் டோஸைத் தொடுவதில்லை. அப்புறம் ஒரு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காது ஓரத்தில் குத்திப் பார்த்து, 12 மணி நேர வரைபடம் போடுவார்கள். தாழ்புள்ளி 80 முதல் 150க்குள் இருந்தால் சரி. அதற்கு மேலே இருந்து, பூனை இன்னும் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அரை யூனிட் ஏற்றலாம். 80க்குக் கீழே போனால் மட்டும் வாரக்கணக்குப் பார்க்காமல் உடனே குறைக்க வேண்டும்.

இந்த வழியில் நாள் முழுக்க சர்க்கரை இயல்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய 250 முதல் 290 வரை சர்க்கரையை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நாளின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்தாலே தாகம் அடங்கும், எடை கூடும். குறை என்னவென்றால் மாதங்கள் ஓடிவிடும்.

இறுக்கிப் பிடிப்பது

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவு போன்றது. உயர்ந்த சர்க்கரையே கணையத்தின் செல்களை மேலும் முடக்கும். சீக்கிரம் கீழே கொண்டுவந்தால் அவை தேறி, இன்சுலினே வேண்டாத நிலை வரலாம். 2009இல் ரூம்ப், ராண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை நம்பித்தான் நடந்தது: 55 பூனைகள், கிளார்ஜின், மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு, நாளைக்குப் பலமுறை வீட்டுப் பரிசோதனை, கால் அல்லது அரை யூனிட்டாக மாற்றம், 50 முதல் 100 வரை இலக்கு. 64 சதவீதப் பூனைகளுக்கு இன்சுலின் தேவைப்படாமல் போனது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம். தாமதமாக வந்தவற்றில் 35.

இந்த 84ஐத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 84க்கும் 35க்கும் நடுவே உள்ள வித்தியாசம் சீக்கிரம் தொடங்கியதால் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம்தான். குணமானதில் உணவின் பங்கும் இருக்கிறது. மெதுவான வழியில் போன பூனைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. அதனால் இறுக்கிப் பிடித்தால்தான் குணமாகும் என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் தொடங்கு, உணவை மாற்று என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறேன். ஏற்கெனவே இன்சுலின் ஏறும் பூனைக்கு உணவை மாற்றினால் டோஸ் தேவை சட்டென்று குறையும். மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றக் கூடாது.

எங்கள் பூனைக்கு நாங்கள் ஆசையோடு இந்த மூன்றாவது வழியில்தான் தொடங்கினோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியப் பரிசோதனை என்பது காகிதத்தில்தான் நடக்கும். விடுமுறை நாளில் ஒரு மதியம் குத்திப் பார்த்தால் 46. பூனை சாவகாசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய மதியங்களில் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்ததில் அன்று எங்களுக்குத் தூக்கம் போனது. மறுநாளே மெதுவான வழிக்கு மாறினோம். பகலில் ஆள் இருந்து அளக்க முடிகிற வீட்டுக்கு இறுக்கமான வழி பொருந்தும்; முடியாத வீட்டுக்குப் பொருந்தாது.

கேனின்சுலின் போன்ற லென்டே வகை இன்சுலினுக்கும் இந்த இறுக்கமான வழி பொருந்தாது. அது செங்குத்தாக இறக்கிவிட்டு 12 மணி நேரத்துக்கு முன்பே அடங்கிவிடும்.

எதைக் கொண்டு அளப்பது

மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஆல்ஃபாட்ராக் போன்றவை பூனைக்கென்றே சீர்செய்யப்பட்டவை. மேலே சொன்ன ஆய்வின் 50 என்பது மனித மீட்டரின் 50. பூனை மீட்டரில் கீழ் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தியே வைக்க வேண்டும். ஒரே நோட்டில் இரண்டு மீட்டர் எண்களைக் கலக்காதீர்கள். லிப்ரே மாதிரி, தோலில் ஒட்டித் தொடர்ந்து சர்க்கரை அளக்கும் சென்சார் 14 நாள் ஓடும் என்பார்கள். அதற்கு முன்பே பிய்த்துப் போட்டுவிடும் பூனைகள் நிறைய. ஆனாலும் ராத்திரித் தாழ்புள்ளியைத் தூங்கிக்கொண்டே பிடிக்க அதைவிட நல்ல வழியில்லை. எண் மிகக் குறைவாகத் தெரிந்தால் ரத்தத்தில் ஒருமுறை சரிபார்க்கவும். மருத்துவமனையில் எடுக்கும் வரைபடம் பயத்தாலேயே ஏறிவிடும். சிறுநீர்ப் பட்டையைப் பார்த்து டோஸை ஏற்றவே கூடாது. கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிரிஞ்சையும் கவனியுங்கள். கிளார்ஜினின் வழக்கமான குப்பி யு-100 (ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட்), கேனின்சுலினும் புரோசிங்க் என்ற இன்சுலினும் யு-40 (40 யூனிட்). யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் 1 யூனிட் என்று நினைத்து இரண்டரை யூனிட் போட்டிருப்பீர்கள். பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

டோஸ் ஏறிக்கொண்டே போய், 5, 6 யூனிட்டிலும் தாழ்புள்ளி இறங்காவிட்டால் இன்னும் அரை யூனிட் ஏற்றி என்ன ஆகப்போகிறது? குப்பி கெட்டுவிட்டதா, பல்லிலோ சிறுநீர்ப்பையிலோ தொற்று இருக்கிறதா, வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் அக்ரோமெகலியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னது நாம் நினைப்பதைவிடச் சாதாரணமாக வருகிறது.