மின்சாரம் போனபின் எந்த மாடல் பிழைக்கும்? கேட் (கணினியில் பொருள்களை வடிவமைக்கும்) மென்பொருள்கள், ஓர் ஒப்பீடு

2023 புரட்டாசியில் ஒரு மாலை, தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பைன்டவுனில் இருக்கும் எங்கள் அச்சு (மோல்டு) பட்டறையில் மின்வெட்டு குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி வந்தது. பக்கத்து மேசைத் தம்பி அப்போதுதான் ஒரு வாளி மூடியின் மாடலை நெட்வொர்க் டிரைவில் சேமித்துக்கொண்டிருந்தான். அவன் கணினிக்கு யுபிஎஸ் இருந்தது, சர்வருக்கும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த நெட்வொர்க் ஸ்விட்சுக்கு இல்லை. மறுநாள் கோப்பு திறக்கவில்லை. பதினொரு நாள் வேலை.

அன்றிலிருந்து எந்த கேட் மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது, கோப்பு உடைந்தால் என்ன திரும்பி வரும் என்பதைத்தான். சாலிட் மாடல் ஒன்றுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று உடல், அதாவது முகங்களும் விளிம்புகளும். மற்றொன்று அந்த உடல் உருவான வழி: எந்த ஸ்கெட்ச் (அடிப்படை வரைபடம்), எந்த அளவு, எதற்குப் பிறகு எந்த ஃபில்லட் (விளிம்பை உருட்டும் வளைவு) என்று படிப்படியாகச் சொல்லும் ஃபீச்சர் மரம். உடலை மீட்கப் பல வழிகள் உண்டு. மரம் போனால் பெரும்பாலும் போனதுதான்.

சாலிட்வொர்க்ஸில் இரண்டு வசதிகளை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆட்டோ ரெகவர் என்பது மென்பொருள் திடீரென்று நின்றுபோனால் உதவுவது. கோப்பை முறையாகச் சேமித்து மூடிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பேக்கப் என்பது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய நிலையைத் தனியே எடுத்துவைப்பது. இதில் ஒரு கோப்புக்குப் பத்துப் பிரதி வரை வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த மேசைகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருந்தது. கெட்டுப்போனது தெரியாமல் இரண்டு முறை சேமித்துவிட்டால், அந்த ஒற்றைப் பிரதியும் நோயாளியின் நகல்தான். பத்தாக மாற்றுங்கள், பேக்கப் ஃபோல்டரையும் வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் கிரியோவின் பழைய வழக்கமே எனக்குப் பிடிக்கிறது. ஒவ்வொரு சேமிப்பும் எண் கூடிய புதிய கோப்பு. பழையதன்மேல் எதுவும் எழுதப்படுவதில்லை. ஃபோல்டர் வீங்கும், உண்மைதான். 'இடம் இல்லை' என்று யாராவது பழைய பதிப்புகளை அழிக்கும் பர்ஜ் கட்டளை கொடுக்கும் நாள்தான் ஆபத்து. இன்வென்டரும் பழைய பதிப்புகளைத் தனி ஃபோல்டரில் வைக்கிறது. ஆனால் நாமாக மாற்றாவிட்டால் ஒன்றே ஒன்றுதான்.

ஆன்ஷேப் வேறு சாதி. அங்கே கோப்பு என்பதே கிடையாது. செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அப்போதே சர்வரில் பதிவாகிறது; வரலாற்றில் எந்தப் புள்ளிக்கும் திரும்பலாம், மரத்தோடு. எங்கள் வாளி மூடிக்கு நேர்ந்தது அங்கே நேர வழியில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு நீண்டால் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் வடிந்துவிடும். இணையம் போனால் மாடல் பத்திரமாக இருக்கும், நாம் கைகட்டி உட்கார்ந்திருப்போம். இலவசத் திட்டத்தில் வரைவதெல்லாம் ஊருக்கே திறந்த பொதுச் சொத்து என்பதையும் மறக்கக்கூடாது; வாடிக்கையாளரின் அச்சை அங்கே வைக்க முடியாது. ஃப்யூஷன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கிளவுடில் பதிப்புகள் இருக்கும், சிறிது காலம் இணையமின்றியும் வேலை செய்யலாம், ஆனால் நாம் சேமித்தால்தான் புதிய பதிப்பு.

ஃப்ரீகேடை நான் வெகுநாள் ஏளனம் செய்தவன். அதன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்தில் மரம், தனித்தனிக் கோப்புகளாக உடல்கள். மென்பொருள் திறக்க மறுத்தாலும் பெயரை மாற்றி மூட்டையை அவிழ்க்கலாம். ஸ்கெட்சின் அளவுகளைக் கண்ணாலேயே படித்துவிடலாம். நான் பயன்படுத்திய மற்ற மென்பொருள்கள் எதுவும் தன் வயிற்றை இப்படித் திறந்து காட்டியதில்லை. ஒரு குறை, ஜிப்பின் பொருளடக்கம் வால்பகுதியில் இருக்கிறது; எழுதும்போதே பாதியில் அறுந்தால் முதலில் போவது அதுதான். அப்போது ஜிப்பைச் சீர்படுத்தும் கருவி வேண்டும். ஸ்கெட்சைத் திருத்தினால் முகங்களின் எண் மாறி ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவும் பழைய தொல்லை, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைந்திருக்கிறது. அது கோப்புச் சிதைவே அல்ல. அனுபவித்தவன் அலறும் அலறல் மட்டும் ஒன்றுதான்.

எல்லாச் சிதைவும் மின்சாரத்தால் வருவதில்லை. சாலிட்வொர்க்ஸின் அடியில் இருந்து வடிவக் கணக்கைப் போடும் பாராசாலிட் என்னும் இயந்திரம், ஒரு சென்டிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் பார்க்கிறது. வேறு மென்பொருளிலிருந்து வரும் உடலில் முகங்கள் அந்த அளவுக்குப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கலாம். தன்னையே வெட்டிக்கொள்ளும் முகமும் இருக்கலாம். அதன்மேல் நாற்பது ஃபீச்சர் கட்டியபின் ஒரு நாள் எல்லாம் சரியும். ரீபில்டின்போது, அதாவது மரத்திலிருந்து உடலை மறுபடி கட்டும்போது, சரிபார்க்கும் வசதியை இயக்கினால் வேலை மந்தமாகும். நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் அதை இயக்கி, கன்ட்ரோல்-க்யூ அழுத்தி முழு மரத்தையும் மறுபடி கட்டிப் பார்க்கிறோம்.

அதே வேளையில் நடுநிலைக் கோப்பு ஒன்றையும் வெளியே எடுத்துவிடுகிறோம். ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 தரம், எந்த மென்பொருளும் படிக்கும். சாலிட்வொர்க்ஸ்காரர்களுக்கு பாராசாலிட் வடிவம் இன்னும் நல்லது, மொழிபெயர்ப்பே இல்லாத தாய்மொழி அது. இரண்டிலும் மரம் வராது. எஸ்டிஎல்லை பேக்கப் என்று சொல்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. அது வெறும் முக்கோணக் குவியல்.

வாளி மூடியை மீட்டதும் ஒரு ஸ்டெப் கோப்புதான். மூன்று நாள் முன்பு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் கிடந்தது. உடல் வந்தது, மரத்தைத் தம்பி நான்கு நாளில் மறுபடி நட்டான். ஸ்விட்சுக்கும் இப்போது யுபிஎஸ் இருக்கிறது.